வயிறு முட்டத் தண்ணீர்

...இன்னும் இந்த அரை பாட்டில்தான், இதையும் இறக்கிவிட்டால் கடமை முடிந்தது, ஆனால் தொண்டை என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் அந்த இறுக்கத்தோடு கூட்டு, ஒரு மடக்கு உள்ளே போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த மடக்குக்கு வழிவிடும், சரி, மெதுவாகவே போகட்டும், யார் துரத்துகிறார்கள்... ஸ்கேன் அறை நர்ஸ் சொன்னது ஒரே வரிதான், "வயிறு முட்டத் தண்ணி குடிச்சுட்டு உக்காருங்கம்மா, அடக்க முடியலேங்கறப்போ சொல்லுங்க, கூப்பிடறேன்," அவ்வளவுதான், திரையை இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடக்க முடியாதபோது சொல்வதாம்! யாரிடம் என்ன சொல்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா, இரண்டு வருஷமாக அடக்க முடியாததை ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருக்கிறவளிடம், மத்தியானத்துக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க ஆயிரம் கணக்குப் போடுகிறவளிடம்... பக்கத்து நாற்காலியில் அவள் கணவர், கண்ணாடிக் கடைக்காரர், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்து போய் அதை நிமிர்த்திவிட்டு வந்தால்தான் அவருக்கு உட்கார முடியும், அப்படி ஒரு ஜென்மம். "இன்னும் கொஞ்சம் குடி," என்றார் திரும்பிப் பார்க்காமலே. குடிக்கிறேன், குடிக்கிறேன், நீங்கள் பாட்டுக்கு இருங்கள்.

வருஷா வருஷம் எடுக்கிற ஸ்கேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள், அது பொய்யும் இல்லை, வருஷா வருஷம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், உடம்பின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, விரல்களை வளைத்து, வாயைச் சுருக்கி வைக்கிற நோய், சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ் என்று ஃபைலின் மேல் எழுதியிருக்கும், வீட்டில் அதற்குப் பெயர் இறுக்கம், இன்னைக்கு இறுக்கம் எப்படி இருக்கு என்று அவர் காலையில் கேட்பார், அழைக்காமல் வந்து தங்கிவிட்ட சொந்தக்காரனை விசாரிப்பதுபோல. முதன்முதலில் பார்த்த தோல் டாக்டர் சொன்னது மட்டும் இன்னும் காதில் நிற்கிறது, "மத்ததெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம், கிட்னியை மட்டும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும்," அந்த ஒரு வாக்கியம்... அதைத்தான் அவள் இரண்டு வருஷமாக மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி கட்டிக்கொண்டு திரிகிறாள், ஏனென்றால் ஒன்றுக்குப் போவதில் கோளாறு என்றால் அது கிட்னியாகத்தானே இருக்கும், வேறு எதுவாக இருக்க முடியும், கிட்னி என்று சொல்லிவிட்டால் மிஷின், ஊசி, வாரத்தில் பாதி ஆஸ்பத்திரி, எல்லாம் முடிந்தது. அதனால் நேற்றே மனதுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தாள், கிட்னி என்றால் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, கிட்னி இல்லை என்றால் வாயே திறப்பதில்லை, இப்படியே ஓட்டிவிடுவது. நல்ல ஒப்பந்தம்தான், யாரோடு போட்டாள் என்பதுதான் தெரியவில்லை.

ஓட்டுவது அவளுக்குப் புதிதா என்ன, அவள் வேலையே அதுதான், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது, கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வைத்த பெயர் பிரேக் மேடம், அவள் உட்காருகிற பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக்கின் மேல் கால் எப்போதும் தயாராக இருக்கும், விரல் பத்தும் விறைத்துப்போனாலும் கால் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது, அதனால் வேலை தப்பியது. ஆனால் காரில் கழிப்பறை இல்லையே... முதலில் ஒரு பெட்ரோல் பங்க், பிறகு அதற்கு அடுத்த சாலையில் இன்னொன்று, போகப்போக அவள் கற்றுக்கொடுக்கிற வழியெல்லாம் பங்க்கிலிருந்து பங்க்குக்குப் போகிற வழியாக ஆகிவிட்டது, ஒவ்வொரு பங்க்கிலும் "இங்க ரிவர்ஸ் எடுத்துப் பழகுங்க, நான் இறங்கி நின்னு பாக்கறேன்" என்று இறங்குவாள், பார்ப்பதாவது ஒன்றாவது, ஒரே ஓட்டம், பாவம் உள்ளே இருக்கிறவர் பெட்ரோல் போட வந்தவன் ஹாரன் அடிக்க அடிக்க வியர்த்து வழிந்து பின்னால் முன்னால் போய்க்கொண்டிருப்பார். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் ஒருநாள் ரொம்பப் பணிவாகக் கேட்டார், "மேடம், ஒரு சந்தேகம், டெஸ்ட்டுல பெட்ரோல் பங்குலதான் ரிவர்ஸ் எடுக்கச் சொல்வாங்களா?" என்று, அவள் முகத்தில் ஒன்றையும் காட்டாமல், "இங்க எடுத்துட்டீங்கன்னா அப்புறம் உலகத்துல எங்க வேணாலும் எடுக்கலாம் சார்" என்றாள். வேடிக்கை என்னவென்றால் அது உண்மையாகிவிட்டது, அவளிடம் கற்றவர்கள் ஒருவர்கூட ரிவர்ஸில் தோற்கவில்லை, ஸ்கூல் முதலாளி மற்ற வாத்தியார்களைக் கூப்பிட்டு, மேடத்தைப் பாத்துக் கத்துக்குங்கய்யா என்று சொன்னார், அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தக் கல்லூரிப் பெண்ணை நினைத்தால்தான்... ச்சே, வேண்டாம், இப்போது எதற்கு அது... ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது, பின்னால் லாரி, அந்தப் பெண் பயத்தில் கிளட்ச்சை விட்டு விட்டு எடுக்கிறாள், வண்டி குதிக்கிறது, ஒவ்வொரு குதிப்புக்கும் அடிவயிற்றில் இடி, பரவாயில்லைம்மா, நிதானமா, பயப்படாத என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது, சொல்லிக்கொண்டிருக்கும்போதே சூடாக... இருக்கையில் போட்டிருந்த துண்டையும் தாண்டி. அவள் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது, கால் பக்கம் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தெரியாமல் கொட்டியதுபோல மடியில் கவிழ்த்துக்கொண்டாள், "அடடா, மூடியைச் சரியா மூடலை பாரு" என்றாள், அந்தப் பிள்ளை காரை ஓரம் கட்டிவிட்டுத் தன் கைக்குட்டையை எடுத்து அவள் மடியைத் துடைக்க வந்தது, என்னால்தானே மேடம், நான் வண்டியைக் குலுக்கினதாலதானே என்று அழாத குறை. மறுநாள்தான் தோல் டாக்டருக்கு போன் போட்டு, வாயில் வராத வார்த்தைகளை எப்படியோ வரவழைத்து... அதுதான் இங்கே வந்து நிற்கிறது.

ஆனால் இப்போது ஏன் வரவில்லை? பாட்டில் காலி. இரண்டு வருஷமாகக் கதவைப் பார்த்தால் வரும், சாவியைப் பூட்டில் நுழைத்தால் வரும், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே போதும், இன்றைக்கு வா வா என்று கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள், கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கிறது. வந்தவர்கள் முன்னால் பாடச் சொன்னால் வாயை இறுக மூடிக்கொள்கிற குழந்தை போல... "வந்துடுச்சா?" என்றார் அவர். "இன்னும் இல்லைங்க." "டீ வாங்கிட்டு வரட்டுமா, டீ குடிச்சா சீக்கிரம் வரும்." அட, இவருக்கு எப்படித் தெரியும், யாருக்கும் தெரிகிற விஷயம்தான். வேண்டாங்க என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அந்தப் பெரியவரின் கண்ணாடிக்குப் போய்விட்டார், கழுத்துக்குப் பின்னால் முடி நரைத்திருந்தது, தோள் இறங்கியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுப்பு. தூங்குவதில்லை இந்த மனுஷன். அதற்கும் அவள்தான் காரணம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, அவள் மறைத்தது குறட்டைக்குள். ஒரு விடியற்காலையில் விழித்துப் பார்த்தால் படுக்கை ஈரம், அவர் பக்கம்வரை போயிருந்தது, நல்லவேளை அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், விரிப்பை உருவும்போது அவர் எழுந்து கேட்டார், டீ கொட்டிவிட்டது என்று சொல்லி, மெத்தையைத் திருப்பிப் போட்டு... அன்றைக்கே மகள் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து காலியாகக் கிடந்த சின்ன அறைக்குத் தலையணையை எடுத்துக்கொண்டு போனாள். ஏன் என்று கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே, "நீங்க விடற குறட்டையில தூங்க முடியலைங்க" என்றாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார் என்று யார் கண்டது! தலையணையை மாற்றினார், இரவில் வெந்நீர் குடித்தார், தொப்பையைக் குறைத்தார், மல்லாந்து படுத்தால்தான் குறட்டை வருமாம் என்று யாரோ சொல்ல, பழைய பனியனின் முதுகில் பை ஒன்று தைத்து அதற்குள் பந்தைப் போட்டுக்கொண்டு படுக்கிறார், ஐம்பத்தைந்து வயதில் முதுகில் பந்தோடு ஒருவர். அவ்வப்போது காலையில் மார்க்கு வாங்கி வந்த பையனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "நேத்து கேக்கலைல்ல?" என்பார். அவள் என்ன சொன்னாள்? "கொஞ்சம் கேட்டுது" என்றாள். கேட்கவே இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை, இருந்தும் கொஞ்சம் கேட்டுது என்றாள், கேட்கவில்லை என்றால் திரும்பி வரச் சொல்வாரே...

ஐயோ. வந்துவிட்டது. எந்த முன்னறிவிப்பும் இல்லை, தலைக்கு மேலே ஏசி திடீரென்று சீறியது, குளிர் பட்டதும் இந்த நோயின் வழக்கப்படி விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்தன, அதே நொடி அடிவயிற்றில் ஒரு முட்டு, அம்மாடி, முட்டா அது... எழுந்து நர்ஸைத் தேடினால் திரைக்கு முன்னால் அந்தச் சாய்ந்த கண்ணாடிப் பெரியவர் நிற்கிறார், அவரைக் கூப்பிட்டாகிவிட்டதாம், "இதோ ஒரு அஞ்சு நிமிஷம்மா, அடக்கிக்குங்க" என்கிறாள் நர்ஸ். ஆத்திரத்தை அடக்கலாம், மூத்திரத்தை அடக்க முடியாது என்று சொல்லி வைத்தவன் சும்மாவா சொன்னான், அவள் ஆத்திரத்தை எல்லாம் ஆயுசு முழுக்க அடக்கியிருக்கிறாள், அதில் கை தேர்ந்தவள், இதுதான்... காலைப் பின்னிக்கொண்டாள், மூச்சை மெதுவாக விட்டாள், ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்துவது எப்படி, முன்னாலும் போகாது பின்னாலும் போகாது, காலைக் கொஞ்சம் தூக்கினாலும் போச்சு கொஞ்சம் அழுத்தினாலும் போச்சு, பிடி, அப்படியே பிடி, பக்கத்தில் யாராவது இரண்டாவது பிரேக்கை மிதித்தால் தேவலை, அப்படி யாரும் இல்லை. "என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று அவர் எழுந்துவிட்டார், பேசாதீங்க, இப்ப பேசாதீங்க என்று கையைக் காட்டினாள், அவர் ஒன்றும் புரியாமல் அவள் கைப்பையை வாங்கித் தன் மார்போடு வைத்துக்கொண்டு நின்றார். திரை விலகியது. அதற்குப் பிறகு நடந்தது எதுவும் நடையில் சேர்த்தி இல்லை.

படுக்க வைத்து, வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, அந்தக் கருவியை அழுத்துகிறாளே, அங்கேயே அழுத்துகிறாளே மகராசி, ஸ்கேன் திரையில் கறுப்பாக ஒரு குளம் தெரிந்தது, அதுதானா, இத்தனை நாள் ஆட்டிவைத்தது இந்தக் கறுப்புக் குளம்தானா. "நல்லா நிறைஞ்சிருக்கு, இப்ப போய் முழுசாப் போயிட்டு வாங்க, திரும்ப ஒரு தடவை பாக்கணும்." பக்கத்துக் கதவு. இன்றைக்கு நாடா இல்லை, ஹூக் இல்லை, பட்டன் இல்லை, எலாஸ்டிக் வைத்தது, நாடாக்களை எல்லாம் எப்போதோ விட்டொழித்தாகிவிட்டது, விறைத்த விரலால் முடிச்சை அவிழ்ப்பதற்குள் ஊரே வெள்ளக்காடு... உட்கார்ந்தாள். ஒரு சொட்டு வழியில் சிந்தவில்லை. அப்பாடா! அதற்கு ஈடாக உலகத்தில் ஒரு சுகம் உண்டா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தனியாக உட்கார்ந்து சிரித்தாள், நாற்பத்தொன்பது வயதில் ஒன்றுக்குப் போனதற்குப் பரிசு கிடைத்தவள் மாதிரி. எல்லாம் போய்விட்டது, சுத்தமாகக் காலி என்று நினைத்துக்கொண்டுதான் திரும்பி வந்து படுத்தாள். நர்ஸ் கருவியை வைத்தாள், கொஞ்சம் நகர்த்தினாள், மறுபடி வைத்தாள். குளம் அப்படியே இருந்தது. சரி, அப்படியே இல்லை, பாதியாக. "முழுசாப் போனீங்களாம்மா?" "போனேனே." "ம்." அந்த 'ம்' போதாதா, ஆயிற்று, கிட்னிதான், சொல்லத்தான் வேண்டும், ஒப்பந்தப்படி எல்லாவற்றையும்...

டாக்டர் அவளைவிடச் சின்னவள், மேஜை மேல் அரைத் தட்டு பிஸ்கட், அதில் ஒன்றைக் கடித்தபடியே ஸ்கேன் படத்தைப் பார்த்தாள், "சாரி, காலையிலேர்ந்து சாப்பிடலை" என்றாள், அது என்னவோ அவளுக்குத் தைரியமாக இருந்தது, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டே யாரும் மோசமான செய்தி சொல்ல மாட்டார்கள். அவர் வெளியே நின்றுகொண்டார், இந்த அறைக்குள் அவள்தான் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். "டாக்டர், கிட்னியா?" என்று அவளே கேட்டுவிட்டாள், உட்காருவதற்கு முன்னாலேயே. "கிட்னியா? இல்லையே. கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு, ரத்தம் பாத்தாச்சு, பிரஷர் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லை. யார் சொன்னா கிட்னின்னு?" யாரும் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொண்டாள், இரண்டு வருஷமாக அவளே டாக்டர் அவளே பேஷன்ட். "உங்க தோல் இறுகுதுல்ல, அந்த மாதிரி மூத்திரப்பையோட தசையும் இறுகியிருக்கு. முழுசாப் பிழிஞ்சு வெளிய தள்ள அதுக்குத் தெம்பு போதலை, மிச்சம் உள்ளேயே நிக்குது, அது மேல புதுசு வந்து சேருது, சீக்கிரமே நிறைஞ்சு வழியுது. நீங்க எத்தனை தடவை ஓடினாலும் பாதிதான் போயிருக்கு." கேட்டதும் அவளுக்குக் கோபம்கூட வந்தது, அத்தனை பெட்ரோல் பங்க், அத்தனை ஓட்டம், எல்லாமே பாதிதானா. "இது உங்க நோயோட வேலை, உங்க தப்பு எதுவும் இல்லை. இந்த நோய் இருக்கறவங்க நிறையப் பேருக்கு இதுல ஏதாவது ஒரு தொந்தரவு இருக்கு, வெளிய சொல்றவங்கதான் கம்மி. நீங்க ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?" என்றாள் டாக்டர். மூச்சு எப்படி இருக்கு, விழுங்க முடியுதா, விரல் புண்ணு ஆறுதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள், இதை யாரும்... "யாரும் கேக்கலை டாக்டர்." டாக்டர் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "கேட்டிருக்கணும்," என்றாள்.

கிட்னி இல்லை. கிட்னி இல்லை. டாக்டர் மேற்கொண்டு சொன்னதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்கு மேலே மிதந்து வந்தது, தண்ணீரைக் குறைக்கக் கூடாது, குறைத்தால்தான் கிட்னிக்கே ஆபத்து, ஒரு தடவை போனதும் எழுந்து நாலு அடி நடந்துவிட்டு மறுபடி உட்கார வேண்டும், வருதோ வரலையோ கடிகாரத்தைப் பார்த்துப் போய்விட வேண்டும், ஒரு மாத்திரை, ஒரு பயிற்சி, ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்... "அப்பவும் மிச்சம் நின்னுச்சுன்னா, மெல்லிசா ஒரு குழாய், அப்பப்போ விட்டு எடுத்துடறது, வலிக்காது, கத்துக்கிட்டா சுலபம். ஆனா உங்க விரலுக்குக் கஷ்டம். வீட்டுல யாராவது கத்துக்குவாங்களா? வெளிய நிக்கறாரே, உங்க வீட்டுக்காரர்தானே, கூப்பிடட்டுமா?" வேண்டாம் என்று தலை முந்திக்கொண்டு ஆடியது. "நானே சொல்லிக்கறேன் டாக்டர்," என்றாள். சொல்லிவிட்டுத்தான் உறைத்தது, என்ன சொல்லிவிட்டாள், கிட்னி இல்லை என்றால் வாயே திறப்பதில்லை என்றல்லவா பேச்சு. வாயை விட்டு விழுந்த வார்த்தை, அள்ள முடியாது. ஆனால் அள்ள வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை, ஏதோ ஒன்று தளர்ந்துவிட்டிருந்தது, நடையில்கூட ஒரு துள்ளல், வெளியே நின்றிருந்த அவர் அவளைப் பார்த்ததும் பையை நீட்டினார், "என்ன சொன்னாங்க?" "கார்ல சொல்றேன், வாங்க."

காரை அவர்தான் எடுத்தார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்கிலேயே பழகிய காலை மடக்கி வைத்துக்கொண்டாள், அவர் ஓட்டுவது அவளுக்குப் பொறுக்காது, இன்றைக்குப் பொறுத்தது. கேட் தாண்டி சாலைக்கு வந்ததும் ஆரம்பித்தாள், முகத்தைப் பார்க்காமல், முன்கண்ணாடியைப் பார்த்து, படுக்கை ஈரத்திலிருந்து, டீ கொட்டினது இல்லை அது என்பதிலிருந்து, பங்க் பங்க்காகப் போனது, பாட்டிலைக் கவிழ்த்தது, கிட்னி என்று பயந்தது, கிட்னி இல்லை என்றது, மாத்திரை, குழாய், எல்லாம் ஒரே மூச்சில், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது. வண்டி மெல்ல மெல்ல வேகம் குறைந்து ஒரு மரத்தடியில் தானாக நின்றது போல நின்றது, இண்டிகேட்டர் போடவில்லை மனுஷன், பின்னால் வந்தவன் திட்டிவிட்டுப் போனான். "கிட்னி இல்லைல்ல?" என்றார். "இல்லைங்க." "நல்லாக் கேட்டியா?" "நல்லாக் கேட்டேன்." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ கணக்கு இடிக்கிற குரலில், "அப்போ... என் குறட்டை?" என்றார்.

அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர் பார்த்தார், புரிந்துகொண்டார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார், முதலில் தோள் மட்டும் குலுங்கியது, அப்புறம் வயிறு, அப்புறம் கார் முழுவதும், "அடிப்பாவி, அந்தப் பந்து... ராத்திரி பூரா அது குத்தி குத்தி... கடைக்கு வர்றவங்க எல்லாம் முதுகுல என்னங்க வீக்கம்னு..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார், சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா," என்றார், "உனக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நெனச்சேன். நீ குறட்டையைச் சாக்கா வெக்கறேன்னு நெனச்சேன். சரி, குறட்டையை நிறுத்திட்டா சாக்கு இல்லாமப் போயிடும்ல, அப்ப நீ என்ன சொல்றேன்னு பாப்போம்னு..." மன்னிச்சிடுங்க என்றாள், அழுகையோடு வந்தது, அவர் கையை ஆட்டினார், விடு விடு. "அந்தக் குழாய் சமாசாரம் வந்தா வரட்டும், நான் கத்துக்கறேன். மயிரிழை ஸ்க்ரூ மாட்டற கை இது. ஒரு நடுக்கம் இருக்கா பாரு," என்று விரல்களை அவள் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார், உண்மைதான், நடுங்கவில்லை, குரல்தான் நடுங்கியது.

வண்டி மறுபடி கிளம்பியது. ஜன்னலை இறக்கிவிட்டாள், காற்று நன்றாக இருந்தது, ஒரு டீக்கடை போயிற்று, ஒரு பங்க் போயிற்று, இறங்க வேண்டும்போல இல்லை, உடம்பையே கழற்றி அலசிப் போட்டது மாதிரி, ஒளிக்க ஒன்றும் இல்லை, இனி வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், எல்லோர் முன்னாலும் குடிக்கலாம்... சிக்னலில் நின்றபோது அவர் சாதாரணமாக, கடைச் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்கிற மாதிரி, "இன்னைக்கு நம்ம ரூமுக்கே வந்துடறியா?" என்றார், கியரில் இருந்த கையை எடுத்து அவள் கைமேல் வைக்கப் போனார். அவள் கை சால்வைக்குள் போய்விட்டது. யாரும் சொல்லவில்லை, அவள் நினைக்கவும் இல்லை, அதுவே போய்விட்டது, சாலையில் பூனை குறுக்கே வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிற மாதிரி. ஏன்? கிட்னி இல்லை, கோளாறுக்கு ஒரு காரணம் தெரிந்துவிட்டது, மாத்திரைச் சீட்டு கைப்பையில் இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, இன்னும் எதை மறைக்கப் போயிற்று அந்தக் கை... முன்பு ஒரு சாயங்காலம் அவர் கடையில், புது ஃபிரேம் ஒன்றை அவளுக்கு மாட்டிப் பார்த்தார், காதோரம் சரிசெய்துவிட்டு வந்த கட்டைவிரல் கன்னத்தில் ஒரு கணம் நின்றது, இறுகி வழவழத்துப் போயிருந்த கன்னத்தில், தெரியாமல் வேறு யார் முகத்தையோ தொட்டுவிட்டவர் மாதிரி, பிறகு நல்லா இருக்கு உனக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் யாரையும் தொட விட்டதில்லை. அது எப்போது? படுக்கை ஈரமானதற்குப் பிறகா... இல்லையே. முன்னால். அதற்கும் நாலைந்து மாதம் முன்னால். அப்போதே கட்டிலின் ஓரத்துக்குப் போய்விட்டாளே, இந்த மூத்திரப்பை, இந்த ஈரம், எல்லாம் பின்னால் வந்ததுதானே, வந்தபோது மனசின் ஒரு மூலையில், ஒரே ஒரு மூலையில், நல்லவேளை, ஒதுங்கிக்கொள்ள ஒரு சாக்கு என்று இருந்ததோ... அவர் கை திரும்ப கியருக்குப் போயிருந்தது. அவள் சால்வையை விலக்கினாள், கையை வெளியே எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள், விரல்கள் இன்னும் வெளுத்துதான் இருந்தன, இப்போதைக்கு அவ்வளவுதான் முடிந்தது, அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை, பச்சை விழுந்துவிட்டது.